தேத்தண்ணிப் பரீட்சை

அந்தக் குசினியில் வாழைப்பழம் பிளாஸ்டிக்கில் இருந்தது. அப்பிளும் பிளாஸ்டிக். அலுமாரியைத் திறந்தால் ஒரு சீனிப் போத்தல், ஒரு பெட்டி தேயிலைப் பை, ஒரு சட்டி, கொஞ்சக் கோப்பைகள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மலையும் ஆறும் உள்ள ஒரு படம். அடுப்பைத் தடவிப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. குசினியிலேயே காலம் தள்ளியவள் நான். ஒருவரும் சமைக்காத குசினியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இது நடந்தது தெற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில். உடைந்த இடுப்பு எலும்புக்கு இரும்பு வைத்துத் தைத்து, பிடித்து நடக்க ஒரு பிரேமையும் கையில் தந்து என்னை நிறுத்தியிருந்தார்கள். எதிரே கிளெயர் என்ற பெண். என் மகளைவிட இளையவள். நோயாளிகள் வீட்டுக்குப் போனால் தங்கள் பாட்டைத் தாங்களே பார்ப்பார்களா என்று சோதிப்பதுதான் அவளுடைய வேலை.

"ஒரு கோப்பை தேநீர் போட்டுக் காட்டுங்கள்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவள் பேசியதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதில் பெயிலாவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கிடாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை

நான் முன்பு விழுந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியபிறகு நோர்பரியிலிருந்து ஒரு வாசகி போன் எடுத்தார். எலும்பு பொருந்திவிட்டதா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "அன்ரி, அந்தக் கிடாரம் நெளிஞ்சு போச்சுதோ?" என்று கேட்டார்.

நெளியவில்லை. மாதா கோயில் பெருநாளுக்குச் சோறு சமைக்க அலுமாரிக்கு மேலிருந்த பெரிய கிடாரத்தை எடுக்கப்போய், ஏறி நின்ற கதிரையோடு சரிந்தேன் அல்லவா, கிடாரம் என் வயிற்றின்மேல் பத்திரமாக வந்து இறங்கியது. அது இப்போதும் கோயிலில் பாவனையில் இருக்கிறது.

நான் எழுதாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்தது. அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். நான் நிலத்தில் கிடந்தபடியே இவரைப் பார்த்து, "இஞ்சருங்கோ, வந்தவைக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ" என்றேன். பழக்கதோஷம். வீட்டுக்கு ஆள் வந்தால் என் வாய் தானாகவே அதைச் சொல்லிவிடும்.

இவர் குசினி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "கோப்பையள் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மோர்டனில் அந்த வீட்டுக்கு வந்து எங்களுக்கு முப்பது வருடத்துக்கு மேல்.

இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை. சோம்பேறி அல்ல. ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். இங்கே வந்து பெற்றோல் ஸ்டேசனில் இரட்டை ஷிப்ட் அடித்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். ஆனால் குசினி அவருக்கு வேறு நாடு. "ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த குடும்பம். வந்த இடத்தில் நானும் அந்தக் காவலை விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பாலைக் காய்ச்சினால் பெயில்

இனிப் பரீட்சைக்கு வருகிறேன்.

கிளெயர் ஒரு கோப்பை என்றாள். எனக்கு ஒரு கோப்பை என்ற அளவே கையில் இல்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குப் போடாமல் எனக்கு மட்டும் எப்படிப் போடுவது? அவளுக்கும் சேர்த்தேன். வெளியே ஒருவர் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார், அவருக்கும் சேர்த்தேன். என் பக்கத்துக் கட்டில் டோரீன் சக்கரக் கதிரையில் அந்தப் பக்கமாக வந்தா. தொண்ணூறு வயது தாண்டிய வெள்ளைக்காரி, கண் நல்ல கூர்மை. "என்ன விசேஷம்?" என்றா. அவவுக்கும் சேர்த்தேன்.

பச்சைப் பாலை ஊற்ற மனம் வராமல் சட்டியில் காய்ச்சினேன். பிறகு இரண்டு கோப்பையை எடுத்து, கையை உயர்த்தி, நுரை வர நாலு ஆற்று ஆற்றினேன். கிளெயர் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆற்றி முடித்துப் பிரேமை ஒரு மூலையில் விட்டுவிட்டு, இரண்டு கையிலும் கோப்பையோடு நொண்டி நொண்டிப் போய்ப் பரிமாறினேன்.

டோரீன் ஒரு மிடறு குடித்துவிட்டு, இதுவரைக்கும் தேநீர் என்று சொல்லித் தன்னை எல்லோரும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னா. நிலம் துடைத்தவர் இரண்டாவது கோப்பை கேட்டார்.

கிளெயர் தன் கோப்பையை ஒட்ட ஒட்டக் குடித்தாள். குடித்துவிட்டு, "சுவை பிரமாதம். ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போவது பாதுகாப்பு இல்லை" என்றாள்.

டூட்டிங் வீட்டு அடுப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் டூட்டிங்கில் ஒரு வீடு. வீடு என்னவோ எங்கள் பெயரில்தான், ஆனால் ஊரில் பிரச்சினை தொடங்கியபிறகு வந்திறங்கிய பொடியன்கள் அத்தனை பேரும் அங்கேதான். ஒன்றுவிட்ட தம்பி, அவனுடைய சிநேகிதன், சிநேகிதனுக்கு விமானத்தில் பக்கத்துச் சீற்றில் இருந்தவன். மாடிப்படியில்கூட ஒருவன் படுத்தான். அந்தப் படிக்கு அவனுடைய பெயரையே வைத்திருந்தோம்.

ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் வேலையால் வர இன்னொருவன் எழும்புவான். அடுப்பில் தேத்தண்ணிச் சட்டி இறங்கியதே இல்லை. நானும் விமானச் சாப்பாடு கட்டுகிற பக்டரியில் வேலைக்குப் போய்வந்து, கோட்டைக் கழற்றாமலே அரிசியைக் கழுவுவேன். ஒருநாள் கோட்டோடு சமைத்து, கோட்டோடு சாப்பாடு போட்டு, கோட்டோடு மறுபடி வேலைக்குப் போயிருக்கிறேன்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பொடியன்களுக்குக் கலியாணமாகித் தனித்தனி வீடு போனார்கள். மோர்டனுக்கு வந்தபிறகு கோயில் பெண்கள் சங்கம், செபமாலைக் கூட்டம், பெருநாள் சமையல். எண்ணிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியை ஒற்றைக் கோப்பையோடு நிறுத்தினால் அவள் என்னதான் செய்வாள்?

இரண்டாம் முறையும் பரீட்சை வைத்தார்கள். இந்த முறை நான் உறுதியாக இருந்தேன். ஒரு கோப்பை, ஒரு தேயிலைப் பை, வேறு ஒருவரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேத்திலைப் போட்டுவிட்டு நின்றேன். நிற்கிற நேரத்தில் கண் சும்மா இருக்கவில்லை. அலுமாரிக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு கறுப்புக் கோடு. அழுக்கு. எத்தனை காலத்து அழுக்கோ தெரியாது. பக்கத்தில் துணியும் கிடந்தது.

இடுப்பை மடித்துக் குனியவே கூடாது என்பது ஒப்பரேசன் செய்த நாளிலிருந்து படித்துப் படித்துச் சொன்ன முதல் விதி. நான் குனிந்தேன். கிளெயர் போட்ட கூச்சலில் இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். தேத்தண்ணி போடாமலே பெயிலானேன்.

தற்காலிகமாக

அடுத்த நாள் கிளெயர் என் மகள் ஜெனியை வைத்துக்கொண்டு பேசினாள். ஜெனி நோர்பரியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட் வேலை. என்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியாது, வேலையை விட்டுவிட்டு மோர்டனில் வந்து நிற்கவும் முடியாது. மகன் கனடாவில். அவன் போனில் கவலைப்படுவதோடு சரி.

"எலும்பு பொருந்தும்வரை, ஒரு தேநீராவது போட்டுத் தந்து, சாப்பாட்டைச் சூடாக்கித் தர வீட்டில் ஒருவர் வேண்டும்" என்றாள் கிளெயர். "இல்லாவிட்டால் தற்காலிகமாக ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கலாம்."

தற்காலிகமாக! எங்கள் கோயிலில் திரேசாக்காவும் தற்காலிகமாகத்தான் போனா. போன மூன்றாம் மாதம் அவவின் அம்மியையும் தையல் மெசினையும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனார்கள். அவ இன்னும் அங்கேதான், ஜன்னல் பக்கக் கதிரையில், யாரோ போட்டுத் தருகிற தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு. கதவைப் பூட்டிவிட்டுப் போகிற வீடு மறுபடி என் கையில் வராது என்று எனக்குத் தெரியும்.

"அப்பா இருக்கிறார்தானே" என்றாள் ஜெனி. சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

கிளெயர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் அவரைக் கூட்டிவாருங்கள். அவர் போட்டுக் காட்டட்டும்" என்றாள்.

பைலோடு வந்த மனிசன்

இவர் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்தார். கக்கத்தில் ஒரு தடித்த பைல். பாஸ்போர்ட், கலியாண சேர்டிபிக்கற், வீட்டுப் பத்திரம், பெற்றோல் ஸ்டேசனில் கொடுத்த பாராட்டுக் கடிதம் எல்லாம் அதற்குள். இந்த நாட்டில் யார் கூப்பிட்டாலும் பைலோடு போகவேண்டும் என்பது அகதியாக வந்த காலத்துப் பழக்கம். அதைக் கிளெயரிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "தேநீர் போட இது எதுவும் தேவையில்லை" என்றாள். அதைக் கேட்டதும்தான் இவருக்கு உண்மையான பயம் வந்தது.

என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். "நீங்கள் பேசக்கூடாது, கை காட்டக்கூடாது" என்றாள் கிளெயர். கொஞ்சம் பொறுத்து, "கண்ணாலும் கூடாது" என்றாள்.

இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். ஜெனி வாசலில் சால்வையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இவர் கோட்டைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மடியில் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அலுமாரிக் கதவுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறந்தார். பிளாஸ்டிக் வாழைப்பழத்தை எடுத்து நசித்துப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி வைத்தார். கேத்தில் கண்ணில் பட்டதும், பழைய கார் வாங்க வந்தவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்தார்.

தண்ணீர் பிடித்தார். விளிம்பு வரைக்கும் பிடித்தார். சுவிட்சைத் தட்டிவிட்டு ஓரடி பின்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அது கொதித்து நிற்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஐம்பது வருடத்தில் நான் எந்தக் கேத்திலுக்கும் அத்தனை மரியாதை கொடுத்ததில்லை.

கைக்குட்டை

தேயிலைப் பையை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கிளெயரிடம், "கத்திரிக்கோல் இருக்கா?" என்று கேட்டார்.

"எதற்கு?"

"பையோட போட்டா சாயம் எப்பிடி இறங்கும்?" என்று ஜெனியைப் பார்த்துச் சொன்னார். "நீ சொல்லு பிள்ளை அவவுக்கு."

எங்கள் வீட்டில் டூட்டிங் கடையில் வாங்குகிற தூள் தேயிலைதான். வேலைக்குப் போன காலத்திலும் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். இங்கிலாந்தில் நாற்பது வருடம் இருந்த மனிசன் தேயிலைப் பையைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான்! எனக்கு வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சத்தம் வந்துவிட்டது. கிளெயர் திரும்பிப் பார்த்தாள். இருமல் என்று காட்டினேன்.

கத்திரிக்கோல் வந்தது. மூலையை அளவாக வெட்டி, தூளைக் கோப்பையில் கொட்டி, கொதித்த தண்ணீரை ஊற்றினார். சாயம் இறங்கியது. இனி வடிக்க வேண்டும். வடி இல்லை. லாச்சியை இழுத்தார், இல்லை. கீழ்க்கதவைத் திறந்தார், இல்லை. நாங்கள் மூன்று பெண்களும் அவருடைய கையையே பார்த்தோம்.

இவர் மெதுவாகக் காற்சட்டைப் பையில் கையை விட்டுத் தன் கைக்குட்டையை எடுத்தார். நான் வெளுத்து, அயன் பண்ணி, மடிப்புக் குலையாமல் கொடுத்துவிடுகிற வெள்ளைக் கைக்குட்டை. அதை இன்னொரு கோப்பையின் மேல் விரித்துத் தேத்தண்ணியை வடித்தார். சொட்டு வெளியே சிந்தவில்லை. பிழிந்த கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் என் மடியில் வைத்தார்.

கிளெயர் ஜெனியின் பக்கம் சரிந்து, "இக்கட்டான நேரத்தில் வழி கண்டுபிடிக்கிறார்" என்றாள்.

எப்படிக் குடிப்பார்?

பாஸ் என்றே நினைத்தேன். கிளெயர் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"உங்கள் மனைவி தேநீரை எப்படிக் குடிப்பார்?"

இவர் யோசிக்கக்கூட இல்லை. "பால் கூட, சீனி ரெண்டு கரண்டி" என்றார்.

அது அவர் குடிக்கிற தேத்தண்ணி.

நான் குடிப்பது வெறுந்தேத்தண்ணி. பால் இல்லை, சீனி இல்லை. டூட்டிங் வீட்டில் கடைசி ஆளுக்கு ஊற்றி முடிய எனக்கென்று மிஞ்சுவது சாயம் மட்டும்தான். அதைக் குடித்துக் குடித்துப் பழகி, பழகியது பிடித்துப்போய், இப்போது வேறு எதுவும் தொண்டையில் இறங்காது. நான் குடிக்கிற நேரம் இவர் வேலைக்குப் போயிருப்பார், அல்லது பேப்பரில் இருப்பார். நான் உட்கார்ந்து குடித்ததை இந்த மனிசன் கண்டதே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து சில நாளிலேயே இதை அங்கே எல்லோரும் அறிந்துவிட்டார்கள். என் கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில், 'தேநீர்: பால் வேண்டாம், சீனி வேண்டாம்' என்று எழுதியிருந்தது. எழுதியதே கிளெயர்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சரியா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எழும்பி நின்று, அத்தனை வருடத்துக் கணக்கையும் அந்தப் பிளாஸ்டிக் பழங்களுக்கு முன்னால் கேட்கவேண்டும் போல இருந்தது. அடுத்த கணம் பாவமாக இருந்தது. அவர் நெற்றியில் வியர்வை. கைக்குட்டை இல்லாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் அவர் பெயில். அவர் பெயில் என்றால் நான் திரேசாக்காவுக்குப் பக்கத்துக் கதிரை.

"சரி" என்றேன்.

கிளெயர் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். கண் காட்டக்கூடாது என்றவள் தன் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டாள். "அப்படியானால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

இவர் பாலை ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, "குடியும்" என்றார். குடித்தேன். பாயசம் மாதிரி இருந்தது. அவர் நகரவில்லை. கடைசி மிடறு வரைக்கும் நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்படி ஒருவரும் என் முன்னால் நின்றதில்லை. ஜெனி வாசலில் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒளிக்கவும் தோன்றவில்லை.

"எப்பிடி?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

ஒவ்வொரு காலையும்

எலும்பு பொருந்தி எத்தனையோ காலமாகிவிட்டது. பிரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குசினி பழையபடி என் கையில். ஆனால் காலைத் தேத்தண்ணி மட்டும் இவருடையது. அதில் ஒருவரும் கை வைக்க முடியாது.

இப்போது இவர் தேத்தண்ணியில் பெரிய பண்டிதர். கோயிலில் கொடுக்கிற தேத்தண்ணிக்குச் சாயம் போதாது என்று பாதரிடமே சொல்லிவிட்டார். கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தால், "உங்கட அம்மாவுக்கு என்ர தேத்தண்ணி இல்லாட்டி விடியாது" என்கிறார். மகன் அதை நம்புகிறான்.

காலையில் கட்டிலடிக்கே வரும். பால் கூட, சீனி இரண்டு கரண்டி. என் வயதில் எங்கள் கோயிலில் சீனி வியாதி இல்லாதவள் நான் ஒருத்திதான். அதையும் இவர் கெடுத்துவிடுவார் போலிருக்கிறது. ஒருநாள் பூச்சாடிக்குள் ஊற்றிவிடலாம் என்று எழும்பினேன். கை வரவில்லை. முழுதாய்க் குடித்துவிட்டு, அவர் கடைக்குப் போனபிறகு எனக்கென்று ஒரு வெறுந்தேத்தண்ணி போட்டு, வாசற்கதவில் ஒரு காதை வைத்துக்கொண்டு குடிக்கிறேன். இந்த வயதில் சொந்த வீட்டில் களவாகத் தேத்தண்ணி குடிக்கிறவள் லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதை இதுவரை இவரிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் சொல்ல வருகுதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும். இவர் முதல் பக்கத்தில் தொடங்கி நகைக்கடை விளம்பரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். என்னுடைய பக்கத்தையும் வாசிப்பதாகத்தான் சொல்கிறார்.

சனிக்கிழமை காலையில் வெறுந்தேத்தண்ணி வந்தால் அழுதுவிடுவேன். பால் போட்டு வந்தால், என் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நேரே விளம்பரத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அதன்பிறகு எங்கள் வீட்டில் நடப்பது பத்திரிகையில் போடக்கூடியதாக இருக்காது.